ரவுண்டா போடவா ஸார்?

பெட்ரோல் பங்கில் தினமும் நடக்கிற ஒரு சடங்கு உண்டு. டேங்க் நிறைந்ததும் நாஸில் 'டக்'கென்று தானாக நிற்கும். மீட்டரில் 2,367 ரூபாய் சொச்சம். பங்க் பையன் நம் முகத்தைப் பார்ப்பான். ''ரவுண்டா போடவா ஸார்?'' நாமும் ஏதோ பெரிய மனசு பண்ணுகிற மாதிரி தலையை ஆட்டுவோம். 2,400 வருகிற வரைக்கும் நாஸிலை அமுக்கி, விட்டு, அமுக்கி, விட்டு... சில பேர் இறங்கி வந்து காரையே பிடித்துக் குலுக்குவார்கள். அரிசி டின்னைக் குலுக்கினால் இன்னும் அரைப்படி பிடிக்குமே, அந்தக் கணக்கு!

''டேங்க் என்னுது, காசு என்னுது. உமக்கென்னய்யா வலிக்குது?'' என்பீர்கள். எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை. உங்கள் காருக்குள் ஒரு கறுப்பு டப்பா உட்கார்ந்திருக்கிறது. அதற்குத்தான் மூச்சு முட்டுகிறது.

அதன் பெயர் கேனிஸ்டர். உள்ளே முழுக்கக் கரி. பத்து வருஷமாகக் கார் ஓட்டுகிறவர்களில் பல பேருக்கு இப்படி ஒரு ஜீவன் இருப்பதே தெரியாது. ஆனால் காருக்குள் பெட்ரோல் வாசனை வந்தால், பிடித்து விசாரிக்க வேண்டிய முதல் ஆசாமிகளில் இவரும் ஒருத்தர். (டீசல் கார்க்காரர்கள் தாராளமாக அடுத்த பக்கத்துக்குப் போகலாம். உங்கள் எண்ணெய்க்கு இவ்வளவு அவசரம் கிடையாது.)

★

பெட்ரோலுக்கு ஓர் இடத்தில் சும்மா இருக்கத் தெரியாது. வெயில் பட்டால் ஆவியாகிக் கிளம்பிவிடும். அந்தக் காலத்துக் கார்களில் டேங்க்கிலிருந்து ஒரு குழாயை வெளியே நீட்டி, 'போய்த் தொலை' என்று விட்டிருந்தார்கள். அதுவும் போய்க்கொண்டிருந்தது.

எங்கே போகிறது என்று கண்டுபிடித்தவர் அன்னாசிப்பழத்தின் வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு மனிதர்! ஹாகன்-ஸ்மிட் என்று பெயர். ஹாலந்தில் பிறந்து கலிபோர்னியாவில் வேலை பார்த்தவர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் கண்ணைக் கரிக்கிற மாதிரி ஒரு புகைமூட்டம் கவிந்துகொண்டே இருந்தது. ''இதுவும் வாசனை சமாசாரம்தானே, கொஞ்சம் பாருங்களேன்'' என்று அவரிடம் தள்ளிவிட்டார்கள். பெட்ரோல் ஆவியும் எஞ்சின் புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடும் வெயிலில் சேர்ந்து சமைத்த பண்டம்தான் அந்தப் புகைமூட்டம் என்று 1950-களின் தொடக்கத்தில் அவர் சொன்னார். பெட்ரோல் கம்பெனிகளுக்கு வந்ததே கோபம்! ஆனால் மனிதர் சொன்னது சரி.

விளைவு, 1970 மாடல் கார்களிலிருந்து கலிபோர்னியாவிலும், 1971-லிருந்து அமெரிக்கா முழுவதிலும் 'ஆவியை வெளியே விடாதே' என்று சட்டம். நம் நாட்டிலும் பாரத் ஸ்டேஜ் விதிகளில் இது வந்தாயிற்று. பெட்ரோல் காரை ஒரு மூடிய அறைக்குள் நிறுத்தி, கசிகிற ஆவியை அளப்பார்கள். ஒரு சோதனைக்கு 2 கிராமைத் தாண்டக் கூடாது. ரெண்டே கிராம்!

அந்த ரெண்டு கிராமுக்குள் அடக்குகிற வேலைதான் கரி டப்பாவுக்கு. சாதாரண அடுப்புக்கரி இல்லை இது. பக்குவம் பண்ணின கரி. குடிதண்ணீர் ஃபில்டரில் தேங்காய்ச் சிரட்டைக் கரி இருக்கிறதே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. உள்ளே கண்ணுக்குத் தெரியாத அத்தனை ஓட்டைகள். ஒரு கிராம் கரியின் உள்பரப்பை விரித்துப் போட்டால் கிட்டத்தட்ட கால் ஏக்கர் வரும். கையளவு கரிக்குள் ஒரு பண்ணையே இருக்கிறது!

டேங்க்கில் கிளம்புகிற ஆவி, ஒரு ஹோஸ் வழியாக வந்து இந்தக் கரியில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் சூடேறி ஓடும்போது கம்ப்யூட்டர் 'பர்ஜ் வால்வு' என்கிற ஒரு குட்டிக் கதவைத் திறக்கும். எஞ்சினின் உறிஞ்சலில், டப்பாவின் இன்னொரு வாய் வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்து, கரியில் ஒட்டியிருக்கிற ஆவியை வாரிக்கொண்டு போய் எஞ்சினில் எரிய வைக்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கின ஆவி உங்களுக்கே திரும்பி வருகிறது. கரி காலியாகி, அடுத்த வெயிலுக்குத் தயாராகிவிடும்.

இதெல்லாம் ஆவிக்கு. ரவுண்டாகப் போடும்போது, விரிந்து பொங்குவதற்காக டேங்க்கில் விட்டுவைத்த காலி இடத்திலும் பெட்ரோல் ஏறுகிறது. நடுவில் இருக்கிற வால்வு தடுக்கத்தான் பார்க்கும். மாசாமாசம் கழுத்துவரை நிரப்பினால் அதுவும் என்ன செய்யும், பாவம்? திரவமாகவே பெட்ரோல் டப்பாவுக்குள் இறங்கும். கரி நனைந்து ஊறிப்போகும். அப்புறம் வாசனைதான்!

★

உவரி சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்குச் சென்னையிலிருந்து என் மச்சினன் குடும்பத்தோடு வந்தான். ஓலைப்பெட்டியில் கடல்மண் சுமந்து கொட்டுகிற நேர்த்திக்கடன். திருநெல்வேலியில் நானும் அந்தக் காரில் ஏறினேன். கண்ணாடியில் மல்லிகை வாசனை அட்டை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. பெட்ரோலும் மல்லிகையும் கலந்து ஒரு நெடி. கல்யாண வீட்டில் கெரசின் கொட்டின மாதிரி!

''என்னடா இது?''

''ரெண்டு மாசமா இப்படித்தான் அத்தான். ஒர்க் ஷாப்ல காட்டிட்டேன். ஸ்கேன் பண்ணிப் பார்த்தான். லைட்டும் எரியல, கோடும் வரல. ஃப்யூயல் பம்ப் மாத்திப் பார்ப்போம், சரியாகலேன்னா டேங்க்கை மாத்துவோம்னு இருபத்தெட்டாயிரத்துக்கு எஸ்டிமேட் குடுத்தான். ஊருக்குப் போய்ட்டு வந்து பார்க்கலாம்னுதான் இந்த அட்டை.''

நாங்குநேரி தாண்டவில்லை, சின்னவள் வாந்தி எடுத்தாள். திசையன்விளை வருவதற்குள் இன்னொரு தடவை. கண்ணாடியை இறக்கினால் அனல், ஏற்றினால் நெடி. உவரியில் இறங்கும்போது குழந்தை துவண்டுபோயிருந்தாள். கோயிலில் சூடம் ஏற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில் அந்தக் காரை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. தள்ளிக் கொண்டுபோய்க் கடற்கரைப் பக்கமாக நிறுத்தச் சொன்னேன்.

அங்கே ஓர் அண்ணாச்சி வள்ளத்து எஞ்சினைக் கழற்றிப் போட்டு நோண்டிக்கொண்டிருந்தார். கடலுக்குப் போகிற ஊர் அல்லவா, எஞ்சின் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. எங்கள் பேச்சு காதில் விழுந்து எழுந்து வந்தார். பானெட்டைத் திறக்கவில்லை. டூல்ஸ் எடுக்கவில்லை. கேள்வி கேட்டார்.

''தம்பி, எப்ப வாடை அடிக்கி? எப்பவுமா, இல்ல பெட்ரோல் போட்ட பொறவா?''

''ஃபுல் டேங்க் போட்டா நாலு நாளைக்கு ஜாஸ்தியா இருக்கு அண்ணாச்சி.''

''போட்ட ஒடன ஸ்டார்ட் ஆவுதா?''

மச்சினன் முழித்தான். ''இல்ல... பங்க்ல ரெண்டு மூணு தடவை இழுத்துத்தான் பிடிக்கும். உங்களுக்கு எப்படித் தெரியும்?''

''கீழ எங்கயும் சொட்டுதா?'' என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மணலில் மண்டியிட்டு அவரே பார்த்தார். டேங்க் அடி, குழாய் எல்லாம் காய்ந்து கிடந்தன. மூடியைக் கழற்றி ரப்பர் வளையத்தை விரலால் வருடினார். நன்றாக இருந்தது. அப்புறம்தான் பானெட். அந்தக் காரில் கரி டப்பா எஞ்சின் பக்கத்திலேயே ஒரு மூலையில் இருந்தது. டேங்க்கிலிருந்து வருகிற ஹோஸ் அதில் சேருகிற இடத்தை லேசாக வளைத்தார். வாயைப் பிளந்தது! சூட்டில் காய்ந்து வெடித்திருந்தது. டப்பாவைக் கழற்றி ஆட்டினார். உள்ளே தண்ணி மாதிரி ஏதோ லேசாக அலம்பியது.

''கரி நனைஞ்சு கெடக்கு. ஆவியும் இந்த வெடிப்பு வழியா வெளிய வருது. ஏசி காத்து எடுக்கிற வாய் இதுக்குப் பக்கத்துலதான இருக்கு? நேரா புள்ளைய மூக்குக்குப் போவுது.''

மச்சினனுக்குச் சந்தேகம் தீரவில்லை. ''ஆவி போறதுக்கு இவ்வளவு வேலை எதுக்கு அண்ணாச்சி? டேங்க்கை இறுக்கி மூடிட்டா போதாதா?''

அவர் வள்ளத்தைக் காட்டினார். ''அந்த டேங்க் மூடியில சின்னத் திருகு இருக்குல்லா, அதத் தெறக்காம கடலுக்குப் போனா என்ன ஆவும்? எண்ணெ குறையக் குறைய உள்ள காத்து வராம எஞ்சின் எண்ணெய இழுக்க முடியாம நடுக்கடல்ல நிக்கும். எந்த டேங்குக்கும் மூச்சு விடணும் தம்பி. உங்க காரு கரி வழியா மூச்சு விடுது. அம்புட்டுத்தான்.''

வெடித்த நுனியை நறுக்கிவிட்டு ஹோஸை மறுபடி சொருகி கிளிப் போட்டார். ''இது ஊர் போற வரைக்கும். திசையன்விளையில பெட்ரோல் தாங்குற ஹோஸா கேட்டு வாங்கி மாத்திருங்க. டப்பாவ இப்ப மாத்த வேண்டாம். டேங்க் அரைக்கு எறங்கட்டும், பத்து நாள் ஓட்டுங்க. கரி காஞ்சிரும். அதுக்கு மேலயும் நாறுனா மாத்துங்க.''

ஹோஸ் இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. காசு கொடுக்கப் போனால், ''சாமி கும்பிட வந்தவுகட்ட என்னத்த வாங்க'' என்று டீ மட்டும் குடித்தார். பத்தாம் நாள் மச்சினன் சென்னையிலிருந்து போன் பண்ணினான். வாசனை போயே போச்சு!

★

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் இருபத்தெட்டாயிரம் இல்லை. 'லைட் எரியல, கோடு வரல' என்ற அந்த ஒரு வாக்கியம்.

அமெரிக்காவில் இருக்கிற உங்கள் ஒன்றுவிட்ட அண்ணனின் காரில், பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகாவிட்டாலே செக் எஞ்சின் விளக்கு எரியும். அங்கே 1996 முதல் கார் தன் டேங்க்கைத் தானே அழுத்திப் பார்த்து, ஒரு மில்லிமீட்டர் ஓட்டைக்குச் சமமான கசிவு இருந்தால் சொல்ல வேண்டும். 2000-க்குப் பிறகு அரை மில்லிமீட்டர் வரைக்கும்! பி 0455 என்று வந்தால் பெரிய கசிவு, பி 0442 என்றால் சின்னது, பி 0456 என்றால் ரொம்பச் சின்னது.

நாம் பின்பற்றுவது ஐரோப்பிய வழி. அதில் கட்டாயம் கவனிக்க வேண்டியது பர்ஜ் வால்வின் மின்சார இணைப்பைத்தான். ஒயர் அறுந்தால் பி 0443 வரும். ஹோஸ் வெடித்தால் நம்மூர்க் கார்கள் பலவற்றில் எதுவும் வராது. சமர்த்தாக வாயை மூடிக்கொண்டு இருக்கும். ஆகவே விளக்கு எரியாதது நற்சான்றிதழ் இல்லை. இந்த வியாதியைப் பொறுத்தவரை நம்மூரில் முதல் ஸ்கேனர் உங்கள் மூக்குதான். அது சொன்ன பிறகு, காசு குறைந்த இடத்தில் ஆரம்பித்துக் காசு கூடின இடத்துக்குப் போக வேண்டும். தலைகீழாகப் போனால் எஸ்டிமேட்தான் வரும்.

வரிசை இதுதான். கத்தரித்து டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: சொட்டுகிறதா? காருக்கு அடியில் ஈரமோ சொட்டோ தெரிந்தால் இது ஆவி சமாசாரம் இல்லை, ஒழுக்கு. ஸ்டார்ட் பண்ணாதீர்கள். எல்லோரையும் இறக்கிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஆராய்ச்சி வேண்டாம்.

இரண்டு: எங்கே, எப்போது? முன்பக்கமா, பின்சீட் பக்கமா, மூடிப் பக்கமா? பெட்ரோல் போட்ட பிறகா, வெயிலில் நிறுத்தின பிறகா? மெக்கானிக்கிடம் போகுமுன் இதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதுங்கள். பாதி வேலை முடிந்தது.

மூன்று: மூடி. ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா? திருகினால் 'க்ளிக்' சத்தம் வருகிறதா? மாற்றுவதென்றால் உங்கள் காருக்கு உரியதை வாங்குங்கள். பிளாட்பாரத்தில் விற்கிற பூட்டு மூடி அழகாக இருக்கும். உள்ளே வால்வு இருக்குமா என்பது விற்கிறவருக்கும் தெரியாது.

நான்கு: ஹோஸ். ஆறின எஞ்சினில், வளைகிற இடங்களிலும் சேருகிற இடங்களிலும் விரலால் அமுக்கிப் பாருங்கள்.

ஐந்து: பர்ஜ் வால்வு. கரண்ட் இல்லாதபோது மூடியே இருக்க வேண்டிய கதவு இது. திறந்தபடி மாட்டிக்கொண்டால் பெட்ரோல் போட்டவுடன் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். ஐடிலிங்கில் வண்டி உதறும். வால்வைத் தனியாகக் கழற்றி, கைப்பம்பால் காற்றடித்தால் போகக் கூடாது. 12 வோல்ட் கொடுத்தால் 'டிக்' என்று திறந்து காற்று போக வேண்டும். வாயால் ஊதிப் பார்க்கிற வீரம் வேண்டாம்.

ஆறு: காற்று வருகிற வாய். தேரி மண்ணும் கிராமத்து ரோட்டுப் புழுதியும் இதை அடைக்கும். அடையாளம் சுலபம். பாதி டேங்க்கிலேயே பங்க் நாஸில் 'டக், டக்'கென்று நின்றுகொண்டே இருக்கும். ரொம்ப தூரம் ஓடின பிறகு மூடியைத் திறந்தால் 'புஸ்ஸ்' என்று நீளமாகக் காற்றை உள்ளே இழுக்கும். சின்ன 'புஸ்' சகஜம். பெருமூச்சு விட்டால்தான் வியாதி.

ஏழு: கரி டப்பா. ஆட்டினால் அலம்புகிறதா? பர்ஜ் ஹோஸில் கறுப்புப் பொடி தெரிகிறதா? பொடி வந்தால் டப்பா உள்ளே உடைந்துவிட்டது. மாற்றத்தான் வேண்டும். வால்வையும் பாருங்கள், அந்தப் பொடி அதிலும் மாட்டியிருக்கும்.

எட்டு: இத்தனையிலும் அகப்படவில்லையா? அப்போதுதான் புகைச் சோதனை. குறைந்த அழுத்தத்தில் புகையைச் செலுத்தினால், ஓட்டை இருக்கிற இடத்தில் ஊதுவத்தி மாதிரி நூலாக வரும். இதற்கென்று மெஷின் வைத்திருக்கிற இடத்தில்தான் செய்ய வேண்டும். பஞ்சர் கடைக் காற்றை டேங்க்கில் அடித்துப் பார்க்கலாம் என்று ஒரு புத்திசாலி யோசனை சொல்வார். ஓடிவிடுங்கள்! இந்தக் குழாய்களுக்குச் சோதனை அழுத்தம் ஒரு 'பி.எஸ்.ஐ.'க்கும் கீழே. பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் நூறுக்கு மேல் இருக்கும்.

★

''லேசான வாசனைதானே ஸார், பழகிடும்'' என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோலில் பென்ஸீன் இருக்கிறது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியானது. நம்மூர் பி.எஸ்.6 பெட்ரோலில் அது ஒரு சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதியே உண்டு. கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, பின்சீட்டில் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு அதைச் சுவாசிக்கக் கொடுப்பது என்ன நியாயம்? மேலும், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மூடின ஷெட்டுக்குள் தரையோடு தேங்கி நிற்கும். ஒரு தீக்குச்சி போதும். வாசனை அட்டை இதில் எதையும் மாற்றாது. எச்சரிக்கை மணியின் நாக்கில் துணி சுற்றுகிற வேலை அது.

''எங்கிட்ட காரே இல்லையே, பைக்தானே?'' என்று நிம்மதிப் பெருமூச்சு விடுகிற தம்பிகளே, கொஞ்சம் நில்லுங்கள். 2017 ஏப்ரல் முதல் விற்ற பெட்ரோல் பைக், ஸ்கூட்டர்களிலும் ஒரு குட்டிக் கரி டப்பா உண்டு. 'வெயிட்டு குறையும், பிக்கப் ஏறும்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதைப் பிடுங்கிப் போட்டு, குழாயை அம்போவென்று தொங்கவிடுகிற கலாசாரம் ஒன்று பரவி இருக்கிறது. பிக்கப் ஏறாது. ராத்திரி வண்டி நிற்கிற மாடிப்படிக்குக் கீழே வாசனைதான் ஏறும்.

பங்கிலேயே ஆவியைத் திரும்பப் பிடிக்கிற கருவி வைக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் புதிய பங்க்குகளுக்கு வழிமுறை சொன்னது. சர்க்கார் அவ்வளவு தூரம் யோசிக்கிறது. நாம் யோசிக்க வேண்டியது ஒரே ஒரு 'டக்' சத்தத்தோடு நிறுத்திக்கொள்வதை மட்டும்தான்.

அடுத்த தடவை பங்க் பையன், ''ரவுண்டா போடவா ஸார்?'' என்று கேட்டால் சொல்லுங்கள்:

''வேண்டாம்ப்பா. வண்டியில ரவுண்டா இருக்க வேண்டியது டயர் மட்டும்தான்!''